“அப்போது நீங்கள் பார்த்தீர்களா, டீச்சர்?”

வாசகர் கேள்வி – பதில்

தொடக்க வகுப்புகளில் சமூக அறிவியல் எப்படி நடக்கிறது என்று எழுதும்படி சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வரலாற்றைப் பற்றியே பேசின. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் பாடம் நடத்தியவள் என்ற முறையில் என் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன்.

நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகன் மன்னர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் மடமடவென்று ஒப்பிக்கிறான். தேர்வு முடிந்த மறுவாரமே ராஜராஜ சோழனுக்கும் காந்திக்கும் எவர் முந்தியவர் என்று கேட்டால் விழிக்கிறான். இந்த வயதில் ஆண்டுகளைச் சொல்லித்தரத்தான் வேண்டுமா?
– வாசகி, கும்பகோணம்

உங்கள் மகனிடம் குறை ஒன்றுமில்லை. எட்டு வயதுக் குழந்தைக்குக் காலம் என்பது மூன்றே அறைகள் கொண்ட வீடு: நேற்று, போன தீபாவளி, நான் பிறப்பதற்கு முன்னால். நாம் எதைச் சொன்னாலும் அது அந்த மூன்றாவது அறைக்குள் போய்க் குவிகிறது. பாட்டியின் கல்யாணமும் தஞ்சைப் பெரிய கோயிலும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. அந்தக் கோயில் கட்டி முடிந்த 1010 என்ற ஆண்டு அவனுக்கு வீட்டுக் கதவிலக்கம் போன்ற ஓர் எண், அவ்வளவுதான். எண்ணை வைக்க மனத்தில் ஓர் இடம் அமையும் முன்பே எண்ணைக் கொடுத்துவிடுகிறோம் என்பதுதான் சிக்கல்.

2022-ஆம் ஆண்டு, சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டு விழாவையொட்டி, என் வகுப்பில் ஒரு கட்டுச் சணல் கயிறு வாங்கி, ஓர் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொண்டோம். முதலில் ஒவ்வொரு குழந்தையும் தன் வயதை அளவுகோலால் அளந்து சிவப்புத் துணி கட்டியது. எட்டு, ஒன்பது சென்டிமீட்டர்தான் வந்தது. பிறகு ஒரு மாணவனின் பாட்டிக்கு 62 சென்டிமீட்டரில் மஞ்சள் துணி. சுதந்திரத்துக்கு 75-இல் வெள்ளைத் துணி. அந்தப் பையன் மஞ்சளையும் வெள்ளையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்போ எங்க ஆயா வெள்ளைக்காரனப் பாத்ததே இல்லியா?” என்று கேட்டான். எத்தனையோ ஆண்டுகள் நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட 1947 ஒரு குழந்தைக்குள் இறங்கியதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

பெரிய கோயிலுக்கு 10 மீட்டர் 12 சென்டிமீட்டர் வேண்டியிருந்தது; தாழ்வாரத்தின் மறுகோடிவரை நடந்தார்கள். கீழடி அகழாய்வு பற்றித் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை, அந்த வாழ்விடத்தின் பழமையைப் பொது ஆண்டுக்கு முன் ஆறாம் நூற்றாண்டுவரை கொண்டுசெல்கிறது. அதற்காக ஏறத்தாழ 26 மீட்டர் கயிற்றை அவிழ்த்தோம். தாழ்வாரம் முடிந்து, கொடிக்கம்பத்தையும் தாண்டி, அடிகுழாய்க்குப் பக்கத்தில் போய் நின்ற இரண்டு சிறுமிகள், “டீச்சர், நாங்க கீழடியில இருக்கோம்!” என்று கத்தினார்கள். அதன்பிறகு 1010 என்ற எண்ணைச் சொன்னபோது யாரும் அதை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை; கால் நடந்த தொலைவாக அது அவர்களிடம் இருந்தது.

எனவே ஆண்டுகளே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தொடக்கப் பள்ளிக்கு ஐந்தாறு ஆண்டுகள் போதும். அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்பது தெரிந்தால் போதும். பொ.ஆ.மு. என்று பின்னோக்கி எண்ணுவதை ஆறாம் வகுப்புக்கு விட்டுவிடலாம். கடன் வாங்கிக் கழித்தலையே இப்போதுதான் பழகும் குழந்தையிடம், எண் பெரிதாகப் பெரிதாகக் காலம் பழையதாகும் என்று சொன்னால் அது தடுமாறும்; “2600 ஆண்டுகளுக்கு முன்” என்பதை அது நன்றாகவே புரிந்துகொள்ளும்.

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்த கதையை மூன்றாம் வகுப்பில் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, “நிஜமாவே குடுத்தாரா? அப்போ நீங்க பாத்தீங்களா, டீச்சர்?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், எனக்குத்தான் பதில் வரவில்லை. கதை என்று சொல்வதா, வரலாறு என்று சொல்வதா?
– ஆசிரியை, சிங்கம்புணரி

அந்தச் சிறுமி கேட்டதைவிட நல்ல கேள்வியை வரலாற்று வகுப்பில் எவரும் கேட்க முடியாது. அவளை ஒருபோதும் உட்காரச் சொல்லிவிடாதீர்கள். “நான் பார்க்கவில்லை, பாரியைப் பார்த்த ஒருவர் பாடி வைத்திருக்கிறார், அவர் பெயர் கபிலர்” என்பதுதான் முதல் பதில். பாரியின் நண்பராக வாழ்ந்த புலவர் கபிலர் என்பதையும், அவர் பாடிய பாடல்கள் புறநானூற்றில் இருக்கின்றன என்பதையும், பாரி முல்லைக்குத் தேர் ஈந்ததை அந்தப் பாடல்களே சொல்கின்றன என்பதையும் மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குத் தாராளமாகச் சொல்லலாம்.

அடுத்த கேள்வியை நாமே எடுத்துக் கொடுக்க வேண்டும்: “உன் நெருங்கிய தோழியைப் பற்றி நீ ஒரு பாட்டு எழுதினால், அவள் செய்ததை உள்ளபடியே எழுதுவாயா, கொஞ்சம் கூட்டி எழுதுவாயா?” என் வகுப்பில் இதைக் கேட்டபோது, கூட்டித்தான் எழுதுவோம் என்று ஏறக்குறைய எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். “அப்படியானால் கபிலர்?” என்றேன். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு ஒருவன், “தேர் குடுக்கலன்னாலும், பாரி ரொம்ப நல்லவர்னு கபிலருக்குத் தோணிருக்கு” என்றான். புலவர் சொன்னதிலிருந்து நடந்தது என்னவாக இருக்கலாம் என்று தேடும் வேலையை, அதற்குப் பெயர் தெரியாமலேயே அவன் செய்துவிட்டான்.

இன்னொரு செய்தியும் உங்களுக்கு உதவும். பாரி இறந்தபின் கபிலர் அவன் மகளை மலையர் குலக் குறுநில மன்னருக்குக் கொடுத்துவிட்டுத் தீப்புகுந்தார் என்ற செய்தி, திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் ராஜராஜன் காலக் கல்வெட்டு ஒன்றில் வருகிறது. பாரி வாழ்ந்து பல நூற்றாண்டுகள் கழித்து வெட்டப்பட்ட எழுத்து அது. ஆகவே அந்தக் கல்வெட்டு பாரியின் காலத்துச் சாட்சி ஆகாது. ஆனால் ராஜராஜன் காலத்து மக்கள் பாரியையும் கபிலரையும் மறக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. இந்த வேறுபாட்டை ஐந்தாம் வகுப்பில் சொல்லிப் பாருங்கள். குழந்தைகளுக்குப் புரியாது என்று நாம் நினைப்பதில் பாதி, நாம் சொல்லாமல் விட்டதுதான்.

உங்கள் ஊருக்கு அருகிலிருக்கும் பிரான்மலையைத்தான் பாரியின் பறம்புமலை என்று சொல்கிறார்கள். வாய்ப்பிருந்தால் குழந்தைகளை மலையடிவாரத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். மூவேந்தரும் முற்றுகையிட்ட மலை எவ்வளவு உயரம் என்று அண்ணாந்து பார்த்த குழந்தைக்கு, முற்றுகை என்ற சொல்லுக்குப் பொருள் கூற வேண்டியிருக்காது.

பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று என் மகளின் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். நானும் சிறுவயதில் அப்படித்தான் படித்தேன். உண்மையா?
– வாசகர், பட்டுக்கோட்டை

விழுகிறது. ஒரு மாலைப்பொழுது மகளோடு தஞ்சைக்குப் போய்த் திருச்சுற்றில் நின்று பாருங்கள். 200 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் விமானத்தின் நிழல் தரையில் நீண்டு கிடப்பதை அவளே காட்டுவாள். ஆசிரியர் மேல் கோபம் வேண்டாம். அவருக்கும் யாரோ சொன்னதுதான். அந்தக் கோயிலைப் பற்றி வியக்க மெய்யான செய்தி எவ்வளவோ இருக்கிறது. தான் கொடுத்தவற்றோடு தன் அக்காவும் பெண்டிரும் மற்றவர்களும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டச் சொன்ன அரசனின் ஆணை விமானத்தின் சுவரிலேயே இருக்கிறது. அந்த அக்கா குந்தவை. மன்னன் தன் பெயரோடு அக்காவைச் சேர்த்துக்கொண்டான் என்று சொன்னால், தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கு வரும் சிறுமி காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள்.

மாறுவேடப் போட்டிக்கு என் பையனுக்குக் கட்டபொம்மன் வேடம். வீரவசனம் பேசுகிறான், ஆனால் தூக்கிலிட்டதைச் சொன்னால் பயந்துவிடுவானோ என்று மறைத்துவிட்டேன். சரிதானா?
– வாசகி, கோவில்பட்டி

மறைக்க வேண்டியதில்லை, விவரிக்கவும் வேண்டியதில்லை. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கும்பினிக்காரர்கள் (கிழக்கிந்தியக் கம்பெனியார்) அவரைத் தூக்கிலிட்டார்கள் என்று ஒரே வாக்கியத்தில், நம் குரல் நடுங்காமல் சொன்னால் போதும். குழந்தை பயப்படுவது பெரும்பாலும் செய்தியைக் கேட்டு அல்ல, நம் முகத்தைப் பார்த்து. “ஏன்?” என்று அவன் கேட்பான், அப்போது வரி யாருக்குச் சேர வேண்டும் என்பதில் எழுந்த வழக்கைச் சொல்லுங்கள். அவன் பேசும் வசனம் பிற்காலத்தில் நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அதனால் அவன் பேசும் வேகம் குறையாது.

ஊர்ச்சபை உறுப்பினர்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்த உத்திரமேரூர்க் குடவோலை முறையைப் பாடமாக நடத்தினால் குழந்தைகளுக்குச் சலிப்பாக இருக்கிறது. விளையாட்டாக நடத்த வழி உண்டா?
– ஆசிரியர், மதுராந்தகம்

ஒரு மண்பானையும் பனையோலை நறுக்குகளும் போதும். வகுப்பைச் சில குடும்புகளாக, அதாவது ஊரின் பகுதிகளாக, பிரித்து, பெயர்களை ஓலையில் எழுதிப் பானைக்குள் போட்டு, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு பொடியனை அழைத்து எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவன்தான் ஓலையை எடுக்க வேண்டும் என்று கல்வெட்டும் சொல்கிறது. இத்தனை நுணுக்கமான விதிகளை முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், கோயில் சுவரில் வெட்டிவைத்த ஊர் உங்களிடமிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

ஆனால் பானையைக் குலுக்கியதோடு நிறுத்திவிடாதீர்கள். நான் முதல்முறை நடத்தியபோது அங்கேயே நிறுத்தினேன்; அது என் பிழை. அடுத்த ஆண்டு, விதிகளையும் பலகையில் எழுதினேன்: வயது 35 முதல் 70 வரை, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி. விதிக்கு உட்பட்டவர்களின் பெயர்களை மட்டும் போடலாம் என்றதும் ஒரு சிறுமி எழுந்து, “அப்போ எங்க பேரு?” என்றாள். பெண்களுக்கு இடமில்லை என்றேன். “எங்க அப்பாவுக்கு நெலம் இல்ல, டீச்சர்” என்றான் பின்வரிசைப் பையன். அது பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட சதுர்வேதிமங்கலம் என்பதையும், அந்தச் சபையில் ஊரார் எல்லோருக்கும் இடமில்லை என்பதையும் அன்றைக்கு ஒளிக்காமல் சொன்னேன். பானைக்கு வெளியே மிஞ்சிய ஓலைகளைக் குழந்தைகள் எண்ணினார்கள். வகுப்பிலிருந்த 27 பேருடைய ஓலையும் வெளியேதான் கிடந்தன. பெருமைப்படத் தக்க முறையும், அதற்கு வெளியே நின்ற மனிதர்களும் ஒரே கல்வெட்டுக்குள் இருக்கிறார்கள். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விடுவது, கீழ்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையை இன்னொரு முறை வெளியே நிறுத்துவதாகும்.

எங்கள் ஊரில் பழைய கோயிலோ அருங்காட்சியகமோ கிடையாது. எதைக் காட்டி வரலாறு சொல்வது?
– ஆசிரியை, அரூர்

வீட்டில் தொடங்கலாம். நாழி, படி, மரக்கால், பழைய குடும்ப அட்டை, கல்யாணப் பத்திரிகை, பரண்மேல் கிடக்கும் அணாக் காசு என்று ஒவ்வொரு குழந்தையும் ஒரு பொருளைக் கொண்டுவந்து, அது யாருடையது, எதற்குப் பயன்பட்டது என்று வீட்டில் கேட்டுவந்து சொல்லட்டும். 1957 ஏப்ரல் 1-க்கு முன் ஒரு ரூபாய்க்கு 16 அணா என்று சொன்னால் கணக்குப் பாடமும் கூடவே நடந்துவிடும்.

மேலும், உங்கள் தருமபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. கவரப்பட்ட ஆநிரையை (மாட்டு மந்தையை) மீட்டு இறந்த வீரர்களுக்கு எடுத்த கற்கள் ஏரிக்கரையிலும் வயலோரத்திலும் வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் வழிபடப்படுகின்றன. உங்கள் மாணவர்களில் சிலரின் குலசாமியாகவும் இருக்கக்கூடும். ஆகவே செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டுப் பெரியவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணாம்போ மாவோ பூச வேண்டாம், செங்கல்லால் தேய்க்கவும் வேண்டாம். காலை எட்டு மணிக்குள்ளோ மாலை ஐந்து மணிக்குமேலோ வெயில் சாய்வாக விழும்போது போனால், கல்லில் பள்ளமான இடமெல்லாம் நிழல் கட்டி, வீரனின் கையிலிருக்கும் வில்லும் காலடியில் நிற்கும் மாடும் தாமே எழுந்து வரும்.