தீவாந்தரம் போன பெண்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் கண்ணாடி போட்ட ஒரு மூதாட்டியின் படம் இருக்கிறது. பெயர் மேரி ரீபி. 15 வயதில் கைதியாகச் சிட்னியில் வந்து இறங்கியவர். சென்ற இதழில் அவரைப் பற்றி எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

கே: ஒரு சிறு பெண், குதிரை திருடினாள் என்பதற்காக உலகின் மறுகோடிக்கு அனுப்பப்பட்டாளா? நம்ப முடியவில்லையே!

ப: அன்றைய சட்டப்படி குதிரைத் திருட்டுக்குத் தூக்கு. அந்தக் கணக்கில் பார்த்தால் தீவாந்தரம், அதாவது கடல் கடந்த நாடுகடத்தல்தான் சலுகை. இங்கிலாந்தின் பரி நகரில் 1777-ல் பிறந்த மேரி ஹேடாக் (மணமாகுமுன் ரீபியின் பெயர் இதுதான்), பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவள். பையன் வேடத்தில், ஜேம்ஸ் பரோ என்ற பெயரோடு, திருட்டுக் குதிரையுடன் பிடிபட்டாள். ஸ்டாஃபோர்டில் 1791-ல் கிடைத்த தண்டனை 7 ஆண்டு. குற்றப் பொறுப்பு ஏற்கும் வயது அப்போது வெறும் 7 என்பதால், 14 வயது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

ஆனால் அவளுடைய வழக்கு வழக்கத்துக்கு மாறானது. கப்பலேறிய பெண்களில் பெரும்பாலோர் வீட்டு வேலைக்காரிகள். எஜமானி வீட்டுப் படுக்கை விரிப்பு, சட்டை, வெள்ளிக் கரண்டி, கடையிலிருந்து ஒரு துண்டுத் துணி, இவ்வளவுதான் திருட்டு. 1827 வரை, திருடிய பொருளின் மதிப்பு 1 ஷில்லிங்கைத் தாண்டினால் அது பெருந்திருட்டு. அதனால்தான் இரக்கமுள்ள ஜூரிகள் பொருளின் மதிப்பை வேண்டுமென்றே குறைத்துச் சொல்வதுண்டு. தண்டனை 7 ஆண்டு, 14 ஆண்டு, ஆயுள் என மூன்று அளவுகளில் வந்தது. 1775-ல் போர் மூளும்வரை அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பினார்கள். அந்த வழி அடைபட்ட பிறகே ஆஸ்திரேலியா. 1788 முதல் 1868 வரை அங்கே போன சுமார் 1,62,000 கைதிகளில் பெண்கள் ஏறத்தாழ 25,000 பேர்.

கே: கப்பலில் எத்தனை பேர் உயிர் பிழைத்தார்கள்?

ப: எந்த ஆண்டு, எந்த ஒப்பந்தம் என்பதைப் பொறுத்தது. 1790-ல் வந்த இரண்டாம் கப்பல் தொகுதிக்கு அரசு தலைக்கு 17 பவுண்டு 7 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுத்தது. ஏற்றிய தலைக்குத்தான் பணம், உயிரோடு இறக்கிய தலைக்கு அல்ல. ஆள் செத்தால் அவருடைய ரேஷன் ஒப்பந்தக்காரருக்கு மிச்சம். விளைவு: ஏறியவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வழியிலேயே இறந்தார்கள். அதே காலத்தில் தனியாகப் புறப்பட்ட பெண்கள் கப்பல் 'லேடி ஜூலியானா' பத்து மாதத்துக்கும் மேல் துறைமுகம் துறைமுகமாக நின்று போயும், பெண்கள் நல்ல நிலையில் வந்து சேர்ந்தார்கள். நின்ற இடங்களில் புது உணவு கிடைத்தது, மேல்தளத்தில் காற்று கிடைத்தது. 1815-க்குப் பிறகு ஒவ்வொரு கைதிக் கப்பலிலும் கடற்படை மருத்துவர் ஒருவர் பொறுப்பேற்றார். படுக்கையை மேலே கொண்டுவந்து உலர்த்துவது, கீழ்த்தளத்தைத் துடைப்பது, ஸ்கர்வி என்ற சத்துக்குறை நோய் வராமல் எலுமிச்சைச் சாறு கொடுப்பது எல்லாம் அவர் மேற்பார்வை. சாவு வெகுவாகக் குறைந்தது.

புயலுக்கு மட்டும் மருத்துவரிடம் மருந்தில்லை. 1833 ஆகஸ்டில் 'ஆம்ஃபிட்ரைட்' பிரான்ஸின் பூலோன் கரைக்கு எதிரேயே தரைதட்டி உடைந்தது. அதிலிருந்த 108 பெண் கைதிகளும் 12 குழந்தைகளும் மூழ்கினார்கள். பிழைத்த மூவரும் மாலுமிகள்.

கே: மாதக்கணக்கில் கடலில் என்ன செய்தார்கள்?

ப: தையல். இங்கிலாந்தின் சிறைச் சீர்திருத்தவாதி எலிசபெத் ஃப்ரையும் அவரோடு சேர்ந்த பெண்களும் கப்பல் புறப்படுமுன் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பை கொடுத்தார்கள். 100 ஊசி, குண்டூசி, வண்ண நூல்கள், விரலுறை, கத்தரிக்கோல், 2 பவுண்டு எடைக்கு வெட்டுத்துணி. ஒட்டுப்போர்வை தைத்தால் நேரமும் போகும், கைத்தொழிலும் வரும், விற்றால் காசு என்பது யோசனை. 'ராஜா' என்ற கப்பல் 1841 ஏப்ரல் 5-ல் கிளம்பி ஜூலை 19-ல் டாஸ்மேனியாவின் ஹோபார்ட் சேர்ந்தது. 105 நாட்கள். அதில் வந்த 180 பெண்களில் சிலர் சேர்ந்து 2,815 துண்டுகளில் தைத்த போர்வை கான்பெராவின் தேசியக் கலைக்கூடத்தில் இன்றும் இருக்கிறது. சில இடங்களில் தையல் சீர், சில இடங்களில் தடுமாற்றம், அங்கங்கே ஊசி குத்திய ரத்தக் கறை. தைத்தவர்கள் விட்டுச்சென்ற கையெழுத்து அதுதான்.

கே: இறங்கியதும் சிறையில் போட்டார்களா?

ப: இல்லை. பெரும்பாலும் யாராவது ஒரு வீட்டுக்குப் பணிப்பெண்ணாக ஒப்படைத்தார்கள். சாப்பாடு, துணி, கூரை உண்டு. சம்பளம் கிடைக்கும் என்று நம்ப முடியாது. ஒரு பெண்ணின் விதி இந்த ஒப்படைப்பில்தான் முடிவானது. எஜமானர் நல்லவரானால் தண்டனை வேலைக்காரி வாழ்க்கையாகக் கழியும். இல்லையென்றால் எதிர்த்துப் பேசியது, இரவில் வெளியே போனது, குடித்தது என்று ஒரு புகார் போதும். மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள், அங்கிருந்து ஃபாக்டரி. எஜமானர் வீட்டில் நடந்த அத்துமீறலைச் சொன்னாலும் ஏடுகளில் பதிவானது பெரும்பாலும் எஜமானரின் புகார்தான். பழைய ஏடுகளை வாசிக்கும்போது இதை மறக்கவே கூடாது.

'பெண்கள் ஃபாக்டரி' என்பது சிறை, பட்டறை, பிரசவ விடுதி, வேலைக்கு ஆள் எடுக்கும் இடம் என எல்லாம் ஒன்றாக இருந்த கட்டடம். சிட்னியை அடுத்த பரமட்டாவில் 1804-ல் தொடங்கிய முதல் ஃபாக்டரி, சிறையின் மாடி. கம்பளி நூற்பது வேலை. எல்லோரும் தங்க அங்கே இடமில்லை. வெளியே தங்குபவர்கள் வாரம் 4 ஷில்லிங் வாடகையைத் தாங்களே தேட வேண்டும். கூலி இல்லாத கைதி அந்தக் காசை எப்படிச் சம்பாதித்திருப்பாள் என்பது ஊருக்கே தெரியும். பழியை மட்டும் அவள் ஒழுக்கத்தின் மேல் போட்டார்கள். தானும் கைதியாக வந்தவரான ஃபிரான்சிஸ் கிரீன்வே வரைந்த புதிய கட்டடம் 1821-ல் திறந்தது. 1827 அக்டோபரில் ரேஷனைக் குறைத்தபோது பெண்கள் கதவை உடைத்து ஊருக்குள் புகுந்து ரொட்டிக் கடைகளை நோக்கிப் போனார்கள். பட்டாளம் வந்துதான் திருப்பி அனுப்பியது.

ஹோபார்ட்டின் காஸ்கேட்ஸ் ஃபாக்டரி 1828-ல் ஒரு பழைய சாராய ஆலையில் தொடங்கியது. மூன்று வகுப்பு. முதல் வகுப்புப் பெண் வீட்டு வேலைக்குப் போகலாம். மூன்றாவதான குற்ற வகுப்பின் உடையில் முதுகிலும் வலக்கையிலும் பாவாடையின் பின்புறத்திலும் பெரிய மஞ்சள் 'சி' எழுத்து. அவர்களுக்கு வேலை பெரும்பாலும் துணி வெளுப்பு. தலைமுடியை வெட்டுவதும் தண்டனைகளில் ஒன்று. மற்றத் தண்டனைகளைவிட அதற்கே பெண்கள் கொதித்தார்கள் என்பதைப் பல குறிப்புகளில் காணலாம்.

கே: கர்ப்பிணியானால்?

ப: மணமாகாத பணிப்பெண் கருவுற்றால் ஃபாக்டரிக்குத் திருப்பி அனுப்பப்படுவாள். பிள்ளை பெற்று, பால் மறக்கடித்த பிறகு, கருவுற்ற 'குற்றத்துக்கு' வழக்கமாக 6 மாதம் குற்ற வகுப்பு. குழந்தை மட்டும் குழந்தைகள் பகுதியில் இருக்கும். பிழைத்தால் இரண்டு மூன்று வயதில் அநாதைப் பள்ளிக்குப் போகும், தாய் உயிரோடு இருக்கும்போதே. காஸ்கேட்ஸ் மலையடிவாரத்தில், ஓடைக் கரையில், வெயில் எட்டாத பள்ளத்தில் இருந்தது. ஈரச் சுவர், நெரிசல், சீக்கிரமே நிறுத்தப்பட்ட தாய்ப்பால். பிள்ளைகள் வயிற்றுப்போக்கிலும் மூச்சு நோயிலும் கூட்டமாக இறந்தன. 1838-ல் ஒரு குழந்தையின் சாவு பற்றி நடந்த விசாரணைதான் இதை ஊரறியச் செய்தது.

கே: விடுதலைக்கு என்ன வழி? ஊர் திரும்பினார்களா?

ப: நன்னடத்தைக்கு 'டிக்கெட் ஆஃப் லீவ்'. தனக்காக வேலை செய்து சம்பாதிக்கலாம், மாவட்டத்தை விட்டு நகரக் கூடாது. அடுத்தது நிபந்தனை மன்னிப்பு. பிரிட்டன் திரும்பக் கூடாது என்பதே அந்த நிபந்தனை. முழுக் காலமும் கழித்தால் விடுதலைச் சான்று. கல்யாணத்துக்கு ஆளுநரின் அனுமதி வேண்டும். கப்பலேறும்போது 'மணமானவள்' என்று சொல்லி வைத்தவளின் மனு அதைக் காட்டியே தள்ளுபடியாகும்.

திரும்பிப் போனவர்கள் மிகச் சிலர். தண்டனை முடிந்தாலும் அரசு திரும்பும் கட்டணம் தராது. ஆண்கள் கப்பலில் வேலை செய்து பயணத்தைக் கழிக்கலாம், பெண்களுக்கு அந்த வழியும் கிடையாது.

கே: தப்பித்தவர்கள் உண்டா?

ப: மேரி பிரையண்ட். கணவர், இரண்டு குழந்தைகள், ஏழு ஆண் கைதிகளோடு 1791 மார்ச் 28 இரவு ஆளுநரின் படகிலேயே சிட்னியை விட்டார். டச்சுக் கப்பல் தலைவர் ஒருவரிடம் வாங்கிய திசைகாட்டியும் வரைபடமும் கையில். 69 நாட்களில் திமோரின் குபாங். ஆனால் அங்கே பிடிபட்டார்கள். லண்டன் போய்ச் சேருமுன் கணவரையும் இரு குழந்தைகளையும் பறிகொடுத்தார். 1793-ல் மன்னிப்புக் கிடைத்தது.

கே: ரீபியைப் போல எத்தனை பேர் முன்னேறினார்கள்?

ப: அந்த அளவுக்கு வேறு யாரும் இல்லை எனலாம். அவருக்குக் காலம் கைகொடுத்தது. 1794-ல் 17 வயதில் மணந்த தாமஸ் ரீபி வணிகர். 1811-ல் அவர் இறந்தபோது மேரியிடம் 7 பிள்ளைகளோடு கப்பல்களும் கிடங்குகளும் இருந்தன. அவற்றை நடத்தத் தெரிந்தது அவருடைய திறமை. ஆனால் ஃபாக்டரி காலத்துக்கு முன்பே வந்தது அதிர்ஷ்டம்.

கே: இப்படி ஒரு கைதிப் பெண்ணின் ஆவணத்தை இணையத்தில் எப்படித் தேடுவது?

ப: முதலில் கப்பலின் பெயரும் வந்த ஆண்டும். அதே பெயரில் இருபது மேரிகள் இருப்பார்கள், கப்பல்தான் பிரித்துக் காட்டும். டாஸ்மேனியாவுக்குப் போனவர் என்றால் வேலை எளிது. அந்த மாநில ஆவணக் காப்பகத்தில் 1843 வரை வந்த பெண்களின் நடத்தைப் பதிவு 'கான் 40' வரிசையிலும் பிறகு வந்தவர்களுடையது 'கான் 41'-லும் இலவசமாகக் கிடைக்கும். அங்க அடையாளங்கள் 'கான் 19'-ல். 'டி.எல்.' என்றால் டிக்கெட் ஆஃப் லீவ், 'எஃப்.எஸ்.' என்றால் தண்டனை முடிந்து விடுதலை. லண்டன் வழக்கானால் அந்நகரின் குற்றவியல் நீதிமன்றமான ஓல்ட் பெய்லியின் பதிவுகளில் சாட்சியமே கிடைக்கும். ஸ்டாஃபோர்டு போன்ற வெளியூர் வழக்குகளை அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தேடல் தடைபடுவது பெயரில்தான். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஐரிஷ் பெயர்களை மூன்று நான்கு விதமாகப் போட்டுப் பாருங்கள். மணமானபின் கணவர் பெயரிலும் தேட வேண்டும். சொந்த வாக்குமூலத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 1820-ல் மகள்களோடு இங்கிலாந்து போய், அடுத்த ஆண்டு திரும்பிய மேரி ரீபி, 1828 மக்கள் கணக்கெடுப்பில் தன்னை '1821-ல் சுதந்திரமாக வந்தவர்' என்று பதிந்துகொண்டார்.