இனிக்கும் விஷம்

கேள்வி: காரீயத்தில் வரும் ஒரு உப்பு சர்க்கரை மாதிரி இனிக்குமாமே, நிஜமா?
– கல்லூரி மாணவி, கரூர்

பதில்: நிஜம்தான், ஆனால் ருசி பார்த்துவிடாதீர்கள். பெயர் லெட் அசிடேட். வெள்ளைப் படிகம், தண்ணீரில் எளிதாகக் கரையும். பழைய ரோமானியர்கள் திராட்சைச் சாற்றைக் காரீயப் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சி ஒயினில் இனிப்புக்குக் கலந்தார்கள், அந்தப் பாகில் இந்த உப்பும் சத்தமில்லாமல் சேர்ந்துவிடும். (ரோம் விழுந்ததே இதனால்தான் என்பதெல்லாம் கொஞ்சம் ஓவர்.)

அப்புறம் துணிச் சாயம், நரை மறைக்கும் தைலம். முடியில் இருக்கும் கந்தகத்தோடு காரீயம் சேர்ந்து கருப்பு லெட் சல்பைடு ஆகும், நரையும் மெல்ல மெல்லக் கருக்கும். உங்கள் லேபில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு பட்டதும் இந்த உப்பில் நனைத்த தாள் கருப்பாகிறதே, அதே வினைதான். தலைச்சாயத்துக்கான அனுமதியை நீக்க அமெரிக்கா முடிவெடுத்ததே 2018-ல்தான், ரொம்பத் தாமதம்!

உடம்புக்குள் போனால் ரத்தசோகை, வயிற்றுவலி, சிறுநீரகக் கேடு. எலும்பில் பல வருடம் தங்கும். குழந்தைகளுக்கோ மூளை வளர்ச்சியே பாதிக்கும், இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது.

ரசம் வைக்கும் ஈயச் சொம்பை நினைத்துப் பயப்பட வேண்டாம், அது வெள்ளீயம், வேறு உலோகம். காரீயம் கலக்காததா என்று மட்டும் விசாரித்து வாங்குங்கள்.