மலையேறும் பழைய காருக்குக் கிளட்ச் மாற்றுவது: கேள்வி பதில்

சேலத்தில் 1966ஆம் ஆண்டு எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை இருபது ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். அதன் கிளட்சை மூன்று முறை பிரித்திருக்கிறேன். ஏற்காடு மலைச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகள் எந்தக் கிளட்சையும் நன்றாகச் சோதித்துவிடும். அதனால்தான் இதைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னதை இங்கே சேர்த்துத் தருகிறேன்.

அஸ்தம்பட்டி இளைஞர்: அண்ணா, பெரியப்பா விட்டுச் சென்ற எம்.ஜி.பி. பத்தாவது வளைவைத் தாண்டியதும் எஞ்சின் அலறுகிறது, வண்டி ஊர்கிறது, கருகிய வாடை வேறு. கிளட்ச் பிளேட்டை மட்டும் மாற்றினால் போதுமா?

கிளட்ச் நழுவுகிறது தம்பி. உறுதி செய்துகொள்ள, காலியான சமதளச் சாலையில் டாப் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதியுங்கள். எஞ்சின் வேகம் மட்டும் எகிறி, வண்டி பின்தங்கினால் சந்தேகமே வேண்டாம்.

பிளேட்டை மட்டும் மாற்றாதீர்கள். இந்தக் காரில் கியர்பாக்ஸை மட்டும் கீழே இறக்க வழியில்லை, எஞ்சினைத் தூக்கியே ஆக வேண்டும். அவ்வளவு பாடுபட்டுத் திறந்துவிட்டு, பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பழைய பிரஷர் பிளேட்டையும், மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் உள்ளேயே விட்டால் அடுத்த ஆண்டு மறுபடியும் எஞ்சினைத் தூக்க வேண்டிவரும். 8 அங்குலப் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே செட்டாக வாங்குங்கள். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலின் முகத்தில் நீலத் திட்டுகள் இருந்தால் அது சூட்டில் வெந்திருக்கிறது என்று பொருள். லேத்தில் கொடுத்து முகத்தைச் சமப்படுத்திக்கொள்ளலாம். நகம் தட்டும் அளவுக்கு விரிசல் ஆழமாக இருந்தால் மட்டும் அந்த ஃபிளைவீலை மறந்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உள்ளே இருக்கும் கறுப்புத் தூளைக் கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள். அந்தக் காலத்துப் பிளேட்டின் உராய்வு லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

சூரமங்கலத்திலிருந்து: பிரித்துப் பார்த்தால் பிளேட்டில் தடிமன் நிறையவே இருக்கிறது. ஆனாலும் நழுவுகிறதே?

எண்ணெய். பிளேட் பளபளவென்று கறுத்திருக்கும், பாருங்கள். எஞ்சினின் பின்பக்கச் சீல் அல்லது கியர்பாக்ஸின் முன்பக்கச் சீல் கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் புதுப் பிளேட் போடுவது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதுதான். எண்ணெயில் ஊறிய பிளேட்டைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போட்டாலும் பயனில்லை. சூடேறினால் உள்ளிருக்கும் எண்ணெய் திரும்ப வெளியே வரும்.

சேலம் குகைப் பகுதியிலிருந்து: என் காரில் நழுவல் இல்லை. ஆனால் ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று அரைக்கிறது. மெக்கானிக் எஞ்சினை இறக்கச் சொல்கிறார்.

ஐயா, தயவுசெய்து இன்னும் இறக்க வேண்டாம். நழுவுவது ஒரு நோய், விடாமல் பிடித்துக்கொள்வது வேறு நோய். உங்களுடையது இரண்டாவது. மிதியை முழுக்க மிதித்தும் பிளேட் ஃபிளைவீலை விட்டு விலகவில்லை. இதற்குக் காரணம் பெரும்பாலும் எஞ்சினுக்குள் இருக்காது.

இதே அரைப்புக்காக நான் ஒருமுறை எஞ்சினை இறக்கி, புது செட் போட்டு, ஒரு வாரம் உழைத்து ஏற்றினேன். ரிவர்ஸ் போட்டதும் அதே சத்தம். அன்றிரவு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பெடலுக்கு மேலே தலையை நுழைத்துப் பார்த்தேன். மிதிக்கும்போது திரவத்தை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகோலைப் பெடலோடு இணைக்கும் சின்னப் பின் நடுவில் இடுப்புபோல ஒடுங்கியிருந்தது. அது நுழையும் துளை முட்டை வடிவமாகியிருந்தது. நான் மிதித்த மிதியில் ஒரு பங்கு அந்த இடைவெளியை நிரப்புவதிலேயே வீணாகிக்கொண்டிருந்தது. பெடல் ஒரு நெம்புகோல் என்பதால், பின்னில் 1 மி.மீ. தேய்ந்தாலும் காலடியில் அது பல மடங்காகிவிடும்.

ஆகவே முதலில் மேலே அந்தப் பின்னையும், கீழே அந்த அழுத்தத்தை வாங்கும் ஸ்லேவ் சிலிண்டர், ரிலீஸ் பேரிங்கை நகர்த்தும் ஃபோர்க்கைத் தள்ளும் இடத்தில் உள்ள பின்னையும் கழற்றிப் பாருங்கள். துளை நீண்டிருந்தால் வெல்டு வைத்து நிரப்பி, புதுப் பின்னின் அளவுக்குத் துளையுங்கள். பிறகு திரவம் போகும் பழைய ரப்பர் ஹோஸை மாற்றுங்கள். மிதிக்கும்போது அது உப்பினாலும் அழுத்தம் வீணாகும். கடைசியாகப் புதுத் திரவம் ஊற்றிக் காற்றை வெளியேற்றுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் அரைத்தால் எஞ்சினைத் தூக்கலாம்.

கல்லூரி மாணவர்: செராமிக் பிளேட்டும் எடை குறைந்த ஃபிளைவீலும் போட்டால் மலையில் பறக்கலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. செராமிக் பிளேட் பந்தயத் தடத்துக்கு உரியது. பிடித்தால் ஒரே பிடி, விட்டால் ஒரே விடல், நடுவில் எதுவும் இல்லை. கொண்டை ஊசியில் முன்னால் பஸ் நின்றுவிட்டால், ஏற்றத்தில் மெல்ல நகர்த்த முடியாமல் வண்டி உதறும். ஃபிளைவீலின் முகத்தையும் அது அரித்துவிடும். எடை குறைந்த ஃபிளைவீல் எஞ்சினைச் சுறுசுறுப்பாக்கும், உண்மைதான். ஆனால் ஏற்றத்தில் நகரத் தொடங்கும்போது எஞ்சின் அணையாமல் காப்பதே ஃபிளைவீலின் எடைதான். எஞ்சின் சக்தியைக் கூட்டாத காருக்கு வழக்கமான நல்ல ஆர்கானிக் பிளேட்டே என் தேர்வு. காசு மிச்சமிருந்தால் எஃகு வலை சுற்றிய ஹோஸ் ஒன்று வாங்குங்கள்.

கன்னங்குறிச்சியிலிருந்து: எம்.ஜி.பி.யின் கார்பன் ரிலீஸ் பேரிங்குக்குப் பதிலாக ரோலர் பேரிங் போடலாமா?

கிடைக்கிறது. ஆனால் நான் கார்பனைத்தான் போடுகிறேன். அதில் சுழலும் பாகம் எதுவும் இல்லை, உரசித் தேயும் ஒரு வளையம், அவ்வளவுதான். மிதியின் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுபவரிடம் அது சீக்கிரம் தேயும். இடதுகாலுக்குத் தரையில் ஓர் இடம் பழக்கிக்கொள்ளுங்கள். சிக்னலில் நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் அம்மையார்: இறங்கும்போது கிளட்சை மிதித்து உருளவிட்டால் பெட்ரோல் மிச்சம் என்கிறார் எங்கள் ஓட்டுநர்.

அம்மா, அவரை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கிளட்ச் இருக்கட்டும், உயிர் முக்கியம். மிதித்துவிட்டால் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்த உதவாது. முழுப் பளுவும் பிரேக்கின் மேல் விழும். சூடேறிய பிரேக் சில வளைவுகளிலேயே பிடிமானம் இழக்கலாம். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஏற்றத்தில் காத்திருக்கும்போதும் பாதிக் கிளட்சில் வண்டியைத் தாங்கி நிற்க வேண்டாம், ஹேண்ட் பிரேக் போடுங்கள்.

ஃபேர்லேண்ட்ஸிலிருந்து: பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். கார் என்னுடையது. இரட்டை நிறை ஃபிளைவீலுக்குப் பதில் ஒற்றை நிறை போடலாமா?

போடலாம், மலிவும்கூட. ஆனால் எஞ்சினின் அதிர்வை உறிஞ்சும் ஸ்பிரிங்குகள் அந்த இரட்டை ஃபிளைவீலுக்குள்தான் இருக்கின்றன. அது போனால் வண்டி நிற்கும்போது கியர்பாக்ஸ் கலகலக்கும். தினமும் ஓட்டும் காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வீட்டிலேயே வேலை செய்பவர்: கியர்பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்கும் பைலட் புஷ் வெளியே வரவே மாட்டேன் என்கிறது.

துளை நிறைய கிரீஸை அடையுங்கள். துளைக்குள் இறுக்கமாகப் பொருந்தும் இரும்புத் தண்டை வைத்துச் சுத்தியலால் அடியுங்கள். கிரீஸ் போக இடமில்லாமல் புஷ்ஷைப் பின்னாலிருந்து தள்ளிவிடும். புதிய வெண்கலப் புஷ் நுண்துளைகள் கொண்டது. அடியை விரலால் அடைத்து, எண்ணெய் நிரப்பி, மேலே கட்டைவிரலால் அழுத்துங்கள். பக்கச் சுவரில் வியர்வை போலத் துளித்துளியாக எண்ணெய் அரும்பும். அந்த நிலையில் பொருத்துங்கள்.

அஸ்தம்பட்டி இளைஞர் மறுபடி: எல்லாம் மாற்றிவிட்டேன் அண்ணா. நாளைக்கே ஏற்காடு போகலாமா?

பொறுங்கள் தம்பி. புதுப் பிளேட்டும் ஃபிளைவீலும் ஒன்றோடொன்று படிய வேண்டும். முதல் 800 கி.மீ. சமதளத்தில், ஆத்தூர், ராசிபுரம் என்று அவசரமில்லாமல் ஓட்டுங்கள். பிறகு ஒரு வார நாளில், விடியற்காலையில் அடிவாரத்தைத் தாண்டிவிடுங்கள். கோடை விழா நாட்களில் மட்டும் வேண்டாம், வளைவுக்கு வளைவு நிற்க நேரும். உங்களுடையதும் என் காரைப் போலப் பழைய மாடல் என்றால், முதல் கியருக்கு சின்க்ரோ (கியர்களின் வேகத்தைத் தானே ஒத்திசைக்கும் அமைப்பு) கிடையாது. ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, நியூட்ரலில் கிளட்சை விட்டு ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி மிதித்து முதல் கியருக்கு வாருங்கள்.