எம்எல்ஏ நிஜமாவே கணக்கு கேக்க முடியுமா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ஒரு எம்எல்ஏவுக்கு நாலஞ்சு வருஷம் சட்டமன்றக் குறிப்பு எழுதிக் குடுத்த ஆளு நான். பேச்ச அவரு பேசுவாரு, பேப்பர நான் பொரட்டுவேன். அந்த அனுபவத்துல பதில் சொல்றேன், கட்சி சண்டை மட்டும் வேணாம்.

தஞ்சாவூர் தம்பி: அண்ணே, பட்ஜெட் அன்னிக்கு நிதியமைச்சர் மணிக்கணக்கா படிக்கிறாரு, எல்லாரும் மேசைய தட்டுறாங்க. அதோட முடிஞ்சதா?

அன்னிக்கு வாசிப்பு மட்டும்தான் தம்பி. அப்புறம் பொது விவாதம், அதுக்கும் அப்புறம்தான் துறைவாரியா மானியக் கோரிக்கை. ஐம்பதுக்கு மேல கோரிக்கை இருக்கு, காவல்துறைன்னா 22ம் நம்பர், பள்ளிக்கல்வின்னா 43. ஒவ்வொண்ணுக்கும் அமைச்சர் எந்திரிச்சு இவ்வளவு பணம் குடுங்கன்னு அவைகிட்ட கேக்கணும், அரசியல் சட்டம் 203வது பிரிவு அப்படித்தான் சொல்லுது. அதெல்லாம் முடிஞ்சு நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேறினாத்தான் கஜானாவுல இருந்து காசு எடுக்க முடியும். வாங்குன கடனுக்கு வட்டி மாதிரி சில செலவுக்கு ஓட்டெடுப்பே கிடையாது, பேசலாம், அவ்வளவுதான்.

கோவைல இருந்து ஒரு ஆடிட்டர்: சார், அந்த மானியக் கோரிக்கை புத்தகத்த புரட்டுனா வெறும் நம்பரா இருக்கு. எம்எல்ஏ அதுல எங்க இருந்து ஆரம்பிக்கணும்?

நீங்க ஆடிட்டர், உங்களுக்கு நான் சொல்றதா! சரி, மத்தவங்களுக்காக சொல்றேன். ஒவ்வொரு வரிக்கும் நாலு நம்பர் இருக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி உண்மையா செலவான கணக்கு, போன வருஷம் போட்ட மதிப்பீடு, அதையே நடுவுல திருத்தின மதிப்பீடு, இந்த வருஷத்து மதிப்பீடு. எல்லாரும் கடைசி நம்பரத்தான் பாப்பாங்க, பேப்பர்லயும் அதான் வரும். விஷயம் இருக்கறது ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல. சும்மா ஒரு உதாரணம், விடுதி கட்ட 50 கோடின்னு போன வருஷம் கைதட்டல் வாங்கிட்டு திருத்த மதிப்பீட்டுல 8 கோடின்னு இருந்தா, மறுபடி இந்த வருஷம் 60 கோடின்னு சொல்றப்ப எம்எல்ஏ கேக்க வேண்டியது ஒரே கேள்விதான், அந்த 42 ஏன் செலவாகல.

அப்புறம் அந்த நாலு இலக்க தலைப்பு எண். 2, 3ல ஆரம்பிச்சா சம்பளம், மருந்து, பராமரிப்பு மாதிரி நடப்புச் செலவு. 4, 5ல ஆரம்பிச்சா பெரும்பாலும் கட்டடம், ரோடு மாதிரி நிக்கிற சொத்து. 2210 மருத்துவம், 4210 அதே மருத்துவத்துக்கு மூலதனச் செலவு. மருத்துவத்துக்கு நிதி கூட்டியாச்சுன்னு பேசுறாங்கன்னா எந்த எண்ணுல கூடிச்சுன்னு பாத்தா போதும், பாதி பேச்சு காத்துல போயிடும்.

ஒரு சம்பவம் சொல்றேன். எம்எல்ஏ ஹாஸ்டல்ல ராத்திரி பதினோரு மணி, ஸ்கேல வச்சு வரி வரியா எறங்கிட்டு இருக்கேன், எங்க தொகுதிக்கு அறிவிச்ச ஆத்துப் பாலத்துக்கு எதுத்தாப்ல வெறும் 1ன்னு இருக்கு. எங்க எம்எல்ஏ அதப் பாத்துட்டு "ஒரு கோடியா? பத்தாதேய்யா"ன்னாரு. இல்லண்ணே, புக்கு முழுக்க ஆயிரத்துல போட்டிருக்கு, அது ஆயிரம் ரூபான்னேன். மனுஷன் அஞ்சு நிமிஷம் பேசவே இல்ல. ஆயிரம் ரூபாய்க்கு பாலத்துக்கு பூஜை கூட போட முடியாது, தலைப்பு செத்துப் போகாம இருக்கறதுக்கு வைக்கிற பேர் ஒதுக்கீடு அது. மறுநாள் அவையில கேட்டாரு, "அரசின் பரிசீலனையில் உள்ளது"ன்னு பதில் வந்துச்சு. அடுத்த வருஷமும் அந்த 1 அப்படியேதான் இருந்துச்சு. ஆனா எங்காளு கல்யாண வீட்டுல எல்லாம் பாலம் வரப்போகுதுன்னு சொல்றத நிறுத்திட்டாரு.

மதுரை காலேஜ் பொண்ணு: வெட்டுத் தீர்மானம்னு போடுறாங்களே, அதுல நிஜமா பணத்த வெட்டுவாங்களா அண்ணா?

வெட்ட மாட்டாங்கம்மா. லோக்சபால அதுக்கு வகை இருக்கு, கோரிக்கைத் தொகைய 1 ரூபாயா குறைங்கன்னா உன் கொள்கையே தப்புன்னு அர்த்தம், 100 ரூபா குறைங்கன்னா ஒரு குறிப்பிட்ட குறைய சொல்றதுக்கு. ஜெயிச்சா அரசாங்கமே ஆட்டம் கண்டுரும், அதனால ஜெயிக்க விடமாட்டாங்க. ஆனா எழுதிக் குடுத்துட்டா உன் குறை ரெக்கார்டுல ஏறும். டெல்லி நிலைமை இன்னும் மோசம், 2023 மார்ச்ல லோக்சபால எல்லா அமைச்சகக் கோரிக்கையையும் விவாதமே இல்லாம மொத்தமா ஓட்டுக்கு விட்டு நிறைவேத்திட்டாங்க, அதுக்கு கில்லட்டின்னு பேரு, சுமார் 45 லட்சம் கோடி. நம்ம ஊர்ல புகழுரை, கவிதைன்னு நேரத்த விழுங்கினாலும் துறைவாரியா பேசவாச்சும் பேசுறாங்க.

திருப்பூர் பனியன் தொழிலாளி: 12 மணி நேர வேலை சட்டம் வந்துச்சே, அத எப்படி சார் எம்எல்ஏங்க கவனிக்காம விட்டாங்க?

கவனிச்சாங்கண்ணே, அதனாலதான் நின்னுச்சு. 2023 ஏப்ரல் 21. தொழிற்சாலைகள் சட்டத்துல 65ஏன்னு ஒரே ஒரு பிரிவ சேக்கற சின்ன சட்டமுன்வடிவு, சும்மா புரட்டுனா அதுல 12 மணி நேரம்னு கொட்டை எழுத்துல எல்லாம் இருக்காது. வேலை நேரம், ஓய்வு, ஓவர்டைம் பத்தின பிரிவுகளோட எண்ண வரிசையா போட்டு, இதுல இருந்து அரசு விலக்கு குடுக்கலாம்னு இருக்கும். அந்த எண்ண பழைய சட்டத்தோட வச்சுப் படிச்சாத்தான் குட்டு வெளிப்படும். காங்கிரஸ், கம்யூனிஸ்ட், விசிகன்னு ஆளுங்கட்சியோட கூட்டணிக் கட்சிக்காரங்களே வெளிநடப்பு பண்ணாங்க. "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க"ன்னு குரல் ஓட்டுல நிறைவேறிடுச்சு, ஆனா தொழிற்சங்கம் சும்மா விடல, 24ந்தேதி நிறுத்தி வச்சாங்க, மே தினத்தன்னிக்கு அப்போதைய முதல்வர் ஸ்டாலின் வாபஸ்னு அறிவிச்சாரு.

அதே நாள்ல 100 ஹெக்டேருக்கு குறையாத சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு சட்டமுன்வடிவும் நிறைவேறிச்சு. நடுவுல ஏரி, குளம் இருக்கற நிலத்தப் பத்தின விஷயம், அன்னிக்கு எல்லார் கண்ணும் 12 மணி நேரத்துல இருந்ததால அது சத்தமில்லாம போயிடுச்சு. எனக்கு அதுதான் இன்னிக்கும் உறுத்துது.

இன்னொண்ணு, சட்டத்துல "வகுத்துரைக்கப்பட்டவாறு"ன்னு எங்கெல்லாம் வருதோ அங்கெல்லாம் பென்சில்ல ஒரு சுழி போடணும். முக்கியமான சமாச்சாரம் சட்டத்துல இல்ல, பின்னாடி அதிகாரிங்க எழுதப்போற விதியில இருக்குன்னு அர்த்தம்.

சேலம் வக்கீல்: நிறைவேத்தினாலும் ஆளுநர் வச்சுக்கிட்டா என்ன பண்றது?

ஆன்லைன் சூதாட்டத் தடை 2022 அக்டோபர்ல நிறைவேறி, 2023 மார்ச்ல திரும்பி வந்து, மறுபடி அவை நிறைவேத்தி, ஏப்ரல்லதான் ஒப்புதல் கெடச்சுது. ஆளுநர் நிறுத்தி வச்ச 10 சட்டமுன்வடிவு பத்தி தமிழ்நாடு அரசு போட்ட வழக்குல 2025 ஏப்ரல் 8 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு நமக்கு சாதகம், ஆனா நவம்பர் 20ல அஞ்சு நீதிபதி அமர்வு ஆளுநருக்கு கோர்ட் கெடு விதிக்க முடியாதுன்னு கருத்து சொல்லிடுச்சு. மிச்சத்த வக்கீலுக்கு நான் சொல்லவேணாம்.

நாகர்கோவில் ரிட்டயர்டு வாத்தியார்: தணிக்கை அறிக்கை வருது, நாலு நாள் பேப்பர்ல வருது, அப்புறம் என்ன ஆகுது?

சார், நல்ல கேள்வி, வருத்தமான பதில். சிஏஜி, அதாவது தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், குடுக்கற அறிக்கை ஆளுநர் வழியா அவைக்கு வரும், பல தடவை கூட்டத்தொடரோட கடைசி நாள்ல வைப்பாங்க, படிச்சுட்டு கேக்கலாம்னா அவையே இருக்காது. பிறகு அந்த அறிக்கைய விசாரிக்கற எம்எல்ஏக்கள் குழு, பொதுக் கணக்குக் குழு. தலைவர் எதிர்க்கட்சிக்காரரா இருக்கறது மரபு, லோக்சபால 1967ல இருந்து அப்படித்தான். இங்க 2021ல அமைஞ்ச பேரவையில கூட்டணிக் கட்சியான காங்கிரஸோட செல்வப்பெருந்தகை தலைவரா இருந்தாரு, சண்டை போடுறதுக்கு அது தோதான ஏற்பாடுன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா குழு ரூம்ல கேமரா இல்ல, அதனால மேடைப் பேச்சும் இல்ல. துறைச் செயலாளர் எதுத்தாப்ல உக்காந்து பதில் சொல்லியாகணும். மார்ச் மாசக் கடைசியில அவசர அவசரமா காச எடுத்து டெபாசிட் கணக்குல போட்டு செலவுன்னு எழுதுறது, பயன்பாட்டுச் சான்று வராம கெடக்கறது, இதெல்லாம் அங்கதான் மாட்டும். கஷ்டம் என்னன்னா, அறிக்கையில இருக்கற அந்தப் பாராவ எடுத்து விசாரிக்கறதுக்குள்ள பல வருஷம் ஓடி, அப்ப இருந்த அதிகாரி பென்ஷன் வாங்கிட்டு இருப்பாரு.

அதே வாத்தியார்: அப்ப சிஏஜி சொன்னா ஊழல்னு எடுத்துக்கலாமா?

கூடாது சார். 2ஜி ஞாபகம் இருக்குல்ல, 2010ல 1.76 லட்சம் கோடி இழப்புன்னாங்க, அது அனுமான இழப்பு. 2012ல சுப்ரீம் கோர்ட் 122 லைசென்ஸ ரத்து பண்ணுச்சு, 2017ல சிறப்பு நீதிமன்றம் எல்லாரையும் விடுதலை பண்ணுச்சு. தணிக்கை அறிக்கையில எழுதுறது கேள்விதான், தீர்ப்பு இல்ல.

பேர் சொல்ல விரும்பாதவர்: ஆளுங்கட்சி எம்எல்ஏ எதிர்த்து ஓட்டு போட முடியாதுன்னா அவரு எதுக்கு அங்க?

1985ல வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், இப்படி ஓட்டு போடுன்னு கட்சியோட கொறடா போடுற உத்தரவ மீறினா பதவிக்கே ஆபத்து. ஆனா கேள்வி கேக்கறதுக்கு கொறடா கிடையாது. மதிப்பீட்டுக் குழுவுல உக்காந்து "இந்தக் கட்டடம் ஏன் மூணு வருஷமா பூட்டியிருக்கு"ன்னு கேட்டா யாரும் பதவிய பறிக்க மாட்டாங்க, அடுத்த தடவை சீட் கெடைக்குமாங்கறது வேற விஷயம்.

தஞ்சாவூர் தம்பி மறுபடியும்: துணை மதிப்பீடுன்னு நடுவுல வருதே, அத பாக்கணுமா அண்ணே?

கண்டிப்பா. பட்ஜெட்டுக்கு அப்புறம் கூடுதலா பணம் கேக்கறது அது. அதுல "புதுப் பணிகள்"னு ஒரு பட்டியல் இருக்கும், எதிர்பாராச் செலவு நிதியத்துல இருந்து ஏற்கனவே எடுத்துச் செலவழிச்ச முன்பணத்த நேர் செய்யறதும் இருக்கும். பேச நேரம் குடுக்கறது ரொம்பக் கம்மி. எங்க எம்எல்ஏ அதுக்குன்னே முந்தின நாள் சாயங்காலம் எல்லா விசேஷத்தையும் தள்ளி வச்சுட்டு உக்காருவாரு, கையில அதே ஸ்கேல்.