அண்ணப் பிளவு ஆபரேஷனுக்குப் பிறகும் 'அப்பா' வரவில்லையே!

கேள்வி: என் மகளுக்கு 20 மாதம். பிறவியிலேயே மேலண்ணத்தில் பிளவு. 11-வது மாதத்தில் ஆபரேஷன் முடிந்தது. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. ஆனால் அப்பாவையும் 'அம்மா' என்றே கூப்பிடுகிறாள். தாத்தா, காக்கா எதுவும் வரவில்லை. மூன்று வயது வரை பார்க்கலாம் என்கிறார் மாமியார். விசில் ஊதிப் பழக்கச் சொல்கிறார்கள் சிலர். என்ன செய்யட்டும்?

பதில்: மூன்று வயது வரை காத்திருக்கவே வேண்டாம். முதலில் காதைப் பாருங்கள். நடுக்காதையும் மூக்கின் பின்பகுதியையும் இணைக்கும் குழாயைத் திறப்பவை அண்ணத்துத் தசைகள்தான். அதனால் அண்ணப் பிளவுள்ள குழந்தைகள் பெரும்பாலானோருக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும். வலி இருக்காது, சீழ் வராது. கேட்பது மட்டும் மந்தமாகும். கூப்பிட்டால் திரும்புகிறாள் என்று விட்டுவிடாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் டிம்பனோமெட்ரியும் (நடுக்காதில் நீர் இருக்கிறதா என்று காட்டும் பரிசோதனை) கேட்புத்திறன் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

இனி பேச்சு. ம, ந போன்றவற்றுக்கு மூச்சு மூக்கு வழியாகவே வர வேண்டும். அவை அவளுக்கு எளிது. ப்ப, த்த, க்க அப்படியல்ல. மேலண்ணத்தின் மென்மையான பின்பகுதியான மெல்லண்ணம் மேலெழுந்து மூக்கு வழியை அடைத்து, வாய்க்குள் காற்று அழுந்தினால்தான் அவை பிறக்கும். மற்ற குழந்தைகள் 'பபப', 'ததத' என்று மழலை பேசிய மாதங்களில் உங்கள் மகளுக்கு அந்த வசதியே இல்லை. ஆபரேஷன் தசைகளைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. பழக்கம் இனிமேல்தான் வர வேண்டும். எனவே 'அம்மா' என்று அழைப்பதாலேயே ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று கலங்காதீர்கள்.

அவளை மடியில் எதிர்முகமாக உட்காரவைத்து, உங்கள் உதடு தெரிய 'பாப்பா' சொல்லுங்கள். அவள் 'மாமா' என்னும்போது விளையாட்டாக ஒரு நொடி மூக்கை மெல்லப் பிடியுங்கள். காற்று வாய் வழியே வெடித்து, 'ம' தானாகவே 'ப'வாகும். அவள் முகத்தில் ஒரு வியப்பு வரும் பாருங்கள், அப்போதே கைதட்டிப் பாராட்டுங்கள். சிணுங்கினால் விட்டுவிடுங்கள். சரியாகச் சொன்னால்தான் பொம்மை என்று ஒருபோதும் நிபந்தனை போடாதீர்கள்.

நான் உண்மையில் கவலைப்படுவது வேறொன்றுக்கு. சில குழந்தைகள் ப, த, க எல்லாவற்றுக்கும் பதிலாகத் தொண்டையில் காற்றை வெட்டி நிறுத்துவார்கள். 'தாத்தா' என்பது 'ஆ-ஆ' என்று விக்கலோடு கேட்கும். அதைப் பாராட்டி வளர்த்தால் பின்னால் மாற்றுவது கடினம். காதில் விழுந்தால் உடனே பேச்சுப் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள்.

விசில், பலூன் விளையாட்டுக்குச் சரி, பேச்சைத் திருத்தாது. ஊதும்போது அண்ணம் இயங்கும் விதம் வேறு, பேசும்போது வேறு. நாக்கில் வசம்பு தடவுவதும் வேண்டாம்.

மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இந்தக் குழந்தைகளுக்கான சேவை இலவசம். பயிற்சிக்குப் பிறகும் மூக்கால் காற்று கசிந்தால், மூன்று முதல் ஐந்து வயதுக்குள் அண்ணத்தின் அசைவைச் சோதித்து, இரண்டாவது ஆபரேஷன் தேவையா என்று முடிவெடுப்பார்கள். பால் மூக்கு வழியாக வந்தால் மட்டும் அதுவரை பொறுக்காமல் அறுவை மருத்துவரைப் பாருங்கள். தையல் போட்ட இடத்தில் சிறு துளை விழுந்திருக்கலாம்.