ஒன்பது ஒன்றுகள் – கடிதம்

வணக்கம் அண்ணா,

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி 111111111-ஐ அதாலேயே பெருக்கி, 12345678987654321 என்று கொப்பியில் எடுத்திருந்தாள். எக்செல்லில் போட்டால் 12345678987654300 என்று வருகிறது. "நான் செய்தது பிழையா டீச்சர்?" என்று கேட்கிறாள். இன்னொரு ஒன்றைச் சேர்த்தால் அந்த அழகும் உடைந்துவிடுகிறது. ஏன்? 12345678987654321 முதன்மை எண்ணா (ஒன்றாலும் தன்னாலும் மட்டும் வகுபடும் எண்ணா)?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

பிள்ளை செய்தது சரி. நாளைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள். எக்செல் ஓர் எண்ணின் முதல் 15 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும், மிச்ச இடத்தில் பூச்சியம் போட்டுவிடும். இதற்கு 17 இலக்கம். ஒன்றில் முடியும் எண்ணை அதாலேயே பெருக்கினால் விடையும் ஒன்றில்தான் முடிய வேண்டும். கடைசி இலக்கத்தைப் பார்த்தே அவள் கம்ப்யூட்டரைத் திருத்தலாம்.

முன்னும் பின்னும் ஒன்றாக வாசிக்கிற செய்யுளை மாலைமாற்று என்போம். சம்பந்தர் ஒரு பதிகமே அப்படிப் பாடியிருக்கிறார். இந்த எண்ணும் அந்தச் சாதிதான்.

உங்கள் கடிதம் வந்ததும் பண்டாரவளையில் என் மேசையில் கட்டம் போட்ட கொப்பியை விரித்து நானும் பெருக்கிப் பார்த்தேன். ஒன்பது வரி, எல்லாம் ஒன்றுகள். ஒவ்வொரு வரியும் ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளி, படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. வலது ஓரத்தில் மேலிருந்து கீழே எண்ணினால் ஒரே ஒரு ஒன்று. அடுத்த நிரலில் இரண்டு, அப்புறம் மூன்று. நடுவில் ஒன்பது, பிறகு அதே மாதிரிக் குறைந்துகொண்டே போகிறது. எந்த நிரலிலும் பத்து வரவில்லை. அந்த ஒழுங்கு கலையாமல் நிற்பது அதனால்தான்.

பத்து ஒன்றுகள் என்றால் நடு நிரலில் பத்து. பூச்சியம் போட்டு ஒன்றை இடப்பக்கம் கொண்டுபோகிறோம். அங்கே இருந்த ஒன்பதும் பத்தாகிறது, மறுபடி பூச்சியம். அடுத்த எட்டு ஒன்பதாகிவிடுகிறது. விடை 1234567900987654321. கொண்டுபோவது எப்போதும் இடப்பக்கம்தான். வலப்பாதிக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒரு பக்கம் மட்டும் மாறினால் மாலைமாற்று எப்படி நிற்கும்? பத்துக்குப் பதில் பதினாறை அடியாக வைத்து, அதாவது பதினாறு சேர்ந்தால்தான் அடுத்த நிரலுக்குக் கொண்டுபோகிற முறையில், எழுதினால் இந்தப் பெருக்கமும் குலையாது. அங்கே பத்துக்கும் தனி இலக்கம் உண்டு.

முதன்மை எண் இல்லை. ஓர் எண்ணின் வர்க்கம் எப்படி முதன்மையாகும்? 111111111 என்பது 3 × 3 × 37 × 333667. வர்க்கத்தில் இவை ஒவ்வொன்றும் இரட்டிப்பாக வரும். அதற்கு 45 காரணிகள்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு கணக்கு அனுப்புகிறேன். 111111111-ஐ 9-ஆல் வகுத்தால் 12345679. இங்கேயும் எட்டைக் காணவில்லை. மேலே பத்து ஒன்றுகளின் விடையிலும் இடப்பாதியில் ஏழுக்குப் பக்கத்தில் எட்டு இல்லாமல் போனது. இரண்டுக்கும் காரணம் ஒன்றா என்று பார்க்கச் சொல்லுங்கள். கையால், கொப்பியில்.