வரைபடத்தைப் பாதியில் நிறுத்துங்கள்

கேள்வி: கோத்தகிரியில் 8ஆம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். கூகுள் மை மேப்ஸில் நீலகிரி வரைபடம் தயாரித்து, படம், வீடியோ எல்லாம் சேர்த்துக் காட்டினேன். பிள்ளைகள் ரசித்தார்கள், மறுநாள் கேட்டால் எதுவும் நினைவில்லை. நெட்டும் அடிக்கடி போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முழுதாக முடித்த வரைபடத்தில் பிள்ளைகளுக்கு வேலையே இல்லை. புள்ளியைத் தொட்டால் விடை வரக் கூடாது, கேள்விதான் வர வேண்டும்.

மலை ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் (326 மீட்டர் உயரம்), குன்னூர் (சுமார் 1,710), ஊட்டி (2,203) மூன்றை மட்டும் குறியுங்கள். முதல் பகுதி சுமார் 27 கி.மீ., அடுத்தது 19. இரண்டு ஒலித்துண்டுகள் கொடுங்கள்: நீராவி எஞ்சின் ஒன்று, டீசல் ஒன்று. எது எந்தப் பகுதியில் ஓடும், ஏன்? நாலு பேர் கொண்ட குழுக்களாகக் கணக்குப் போடட்டும். கிலோமீட்டருக்கு ஏற்றம் முதல் பகுதியில் ஏறக்குறைய 51 மீட்டர், அடுத்ததில் 26. பல்சக்கரத் தண்டவாளமும் (எஞ்சின் வழுக்காமல் பற்களால் கவ்வி ஏறும் பாதை) நீராவி எஞ்சினும் குன்னூருக்குக் கீழே என்று அவர்களே சொல்வார்கள். அதன் பிறகு, மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையிலுள்ள கல்லாரைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதுவரை பாதை பெரும்பாலும் சமதளம். பல்சக்கரம் அங்கேதான் தொடங்குகிறது. 51 என்பது வெறும் சராசரி, உண்மையான ஏற்றம் அதைவிடச் செங்குத்து என்பது அப்போது பிடிபடும். இந்தப் பாடத்தின் சுவையே இந்த இடம்தான், அவசரப்படாதீர்கள்.

அடுத்து, அவரவர் ஊரைப் பிள்ளைகளே சேர்க்கட்டும். வழக்கமாகச் சொதப்புவது இங்கேதான். ஊரில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அதிலுள்ள இடக்குறிப்பு அழிந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறினால் ஊட்டி (11.41, 76.70) ஆர்க்டிக் கடலில் போய் விழும். 11 பாகை 24 கலை 36 விகலையை (11°24′36″, அதாவது 11.41) 11.2436 என்று எழுதினால் புள்ளி 18 கி.மீ. தெற்கே தள்ளிப்போகும். ஊர்களின் எக்செல் பட்டியலை சிஎஸ்வி யுடிஎஃப்-8 (தமிழ் எழுத்தைக் காக்கும் கோப்பு வகை) என்று சேமிக்காவிட்டால் தமிழ்ப் பெயர்களுக்குப் பதில் கேள்விக்குறிகள்தான் வரும்.

நெட் இல்லாத நாளுக்கு, வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து லிப்ரே ஆஃபிஸ் இம்ப்ரெஸ் (பவர்பாயின்ட் போன்ற இலவச மென்பொருள்) ஸ்லைடில் வையுங்கள். ஊர்களின் மேல் வட்டம் போட்டு, ஒவ்வொன்றையும் அதன் ஒலிக்கோப்புடன் இணையுங்கள். 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 என்றால் ஒரு நிமிடம் அரை எம்பிக்குள் அடங்கும். ஸ்லைடும் ஒலிகளும் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். பென்டிரைவில் ஸ்லைடை மட்டும் எடுத்துப்போனால் ஒன்றும் ஒலிக்காது.